பெரிய சிவப்புப் பட்டன்

கம்ப்யூட்டர் டீச்சர் வாயைத் திறந்தால் மாடிப்படி வரை கேட்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லித்தருவது அவருடைய வேலை. மின்விசிறிச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், இவை எல்லாவற்றுக்கும் மேலே குரலை எழுப்பியே பல வருடங்களை ஓட்டிவிட்டார். கடைசியில் தொண்டை மக்கர் பண்ணியது. குரல்நாணில் சின்னக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை என்று அதை எடுத்துவிட்ட டாக்டர், "நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா. கிசுகிசுன்னுகூட வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

லீவு போட்டிருக்கலாம். ஆனால் பெற்றோர் வந்து பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கொன்றாக அட்டையில் செய்த நாற்சந்திகளும், பிள்ளைகள் எழுதிய புரோகிராம்படி எரிய வேண்டிய சிக்னல் விளக்குகளும் பாதியில் நின்றன. டீச்சர் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

"உன் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல" என்றார் கணவர். "சந்தோஷத்துலதான்."

டீச்சர் கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்து அவர்மேல் எறிந்தார்.

முதல் நாள் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. பலகையில் எழுதினார், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை தட்டினார், பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். பக்கத்து அறையில் மோட்டார், ஒயர் வேலை சொல்லித்தரும் பட்டறை சார் எட்டிப் பார்த்துவிட்டு, நமட்டுச் சிரிப்போடு போனார்.

அவர் சும்மா போகவில்லை. சில நாள் கழித்து, வகுப்பிலேயே உருவத்தில் சிறியவளான பொடிசு, ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே கலர் கலராகப் பட்டன்கள்.

"உங்களுக்குக் குரல் டீச்சர்! பட்டறை சார் ஒயர் மாட்டச் சொல்லித்தந்தார். மத்தது எல்லாம் நாங்க."

டீச்சர் நீலப் பட்டனை அழுத்தினார். "சத்தம் போடாதீங்க!" என்றது பெட்டி. பொடிசின் குரல்தான், ஆனால் இழுப்பும் அதட்டலும் அச்சு அசலாக டீச்சர். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மஞ்சள் பட்டன், "சேவ் பண்ணியா, இல்லையா?" பச்சை, "அடடே, சூப்பர்!" டீச்சர் சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு சிவப்புப் பட்டன். அதையும் அழுத்தினார்.

"தள்ளு, நான் பண்றேன்."

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. பலகையில் எழுதினார்: 'இதை நான் அடிக்கடி சொல்றேனா?'

"ஆமா டீச்சர்" என்றாள் பொடிசு பெருமையாக. "நிறைய தடவை அழுத்துவீங்கன்னுதான் பெரிசா வெச்சோம்."

அவள் முகத்தில் கேலியே இல்லை. அதுதான் டீச்சரைக் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் கைபேசியில் தட்டிக் கணவரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு, "நான் மடிச்ச துணியக்கூடப் பிரிச்சுத் திரும்ப மடிப்பியே" என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, நீ மடிச்சா அழகாத்தான் இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். டீச்சருக்கு அது ஆறுதலாக இல்லை.

மறுநாள் தொட்டாச்சிணுங்கியின் சிக்னல் தகராறு செய்தது. யாராவது முகம் சுளித்தாலே அழுதுவிடும் பெண் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நாற்சந்தியின் இரண்டு சாலைகளிலும் ஒரே நேரத்தில் பச்சை எரிந்தது. டீச்சர் அருகில் வந்ததுமே அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி இடம் விட்டாள். யாரும் சொல்லாமலே. இத்தனை நாளும் இப்படித்தான் விலகியிருக்கிறாள் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

நாற்காலியைத் திரும்ப முன்னால் தள்ளினார்.

"எனக்கு வராது டீச்சர்" என்று அவள் கண்ணீர் விட்டாள்.

பிழை எந்த வரியில் என்று டீச்சருக்குத் தெரியும். கை துறுதுறுத்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் இரண்டு பொம்மைக் கார்களை எடுத்துச் சாலைக்கு ஒன்றாக வைத்து, ஓட்டு என்று சைகை காட்டினார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினாள். "இதுக்குப் பச்சை... போகுது. இதுக்கும் பச்சை... இதுவும் போகுது... டமால்!" சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயோ, முதல்ல இதைச் சிவப்பாக்கணும்! அப்புறம்தான் அதுக்குப் பச்சை!"

அவளே தட்டினாள். எழுத்துப் பிழை வந்தது; திருத்தினாள். இன்னொன்று வந்தது. மணி அடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

பெற்றோர் வரும் நாளுக்குள் டாக்டர் பேச அனுமதி தந்துவிட்டார். குரல் கரகரவென்று வேறு யாருடையதோபோல வந்தது. அன்று எல்லா மாதிரிகளும் ஒழுங்காக ஓடின. தொட்டாச்சிணுங்கியின் சிக்னல் மட்டும், தலைமையாசிரியர் விருந்தினர்களோடு வந்து நிற்கும் சமயம் பார்த்து அணைந்துபோனது. அவள் அப்பா எலெக்ட்ரீஷியன். பொறுக்க முடியாமல் கையை நீட்டினார்.

"அப்பா, தொடாதீங்க. நான் பாக்கறேன்."

அவர் டீச்சரைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். அவ பாத்துப்பா" என்றார் டீச்சர்.

விருந்தினர்கள் நின்று பார்த்துவிட்டு, நகர்ந்துவிட்டார்கள். கூடம் காலியானது. நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தார்கள். அவள் ஒவ்வொரு ஒயராக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அழவில்லை. ஒன்று கையோடு வந்தது. மாட்டினாள். சிவப்பு எரிந்தது, மஞ்சள் எரிந்தது, பச்சை எரிந்தது. பார்க்க அவள் அப்பாவும் டீச்சரும் பட்டறை சாரும்தான் இருந்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

"டீச்சர், நடுவுல ஆளுங்க நடந்து போறதுக்கும் ஒரு லைட் வெச்சா எல்லாம் மாறிடுமா?"

"தெரியலையே. வெச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு, மடக்கி வைத்திருந்த நாற்காலி ஒன்றை விரித்துப்போட்டு உட்கார்ந்தார் டீச்சர்.