இளைஞர்கள் கூட வரலாம்

1

இந்தக் கதை பிறந்ததற்கு நான் போட்ட ஒரே ஒரு சொல்தான் காரணம். பெருமைக்காகச் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டேன், அதனால் சொல்கிறேன்.

வார்டு அலுவலக எழுத்தர் வீடு தேடி வந்தார். "சார், பொதுக்கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் எழுதணும். நான் எழுதினா ஜப்தி நோட்டீஸ் மாதிரி இருக்குதாம், யாரும் வரமாட்டேங்கறாங்க. நீங்க எழுத்தாளர். முக்கியமா இளைஞருங்க வரணும்."

என்னை எழுத்தாளர் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் வார்டு படிப்பகம் எட்டு மணி வரை திறந்திருக்கும். மாலை ஐந்துக்கு மேல் அங்கே ஆள் வருவதில்லை என்கிறது வருகைப் பதிவேடு. அப்படியானால் ஐந்துக்கு மேல் அந்த மண்டபத்தை மூட்டுவலிக்காரர்களின் உடற்பயிற்சி வகுப்புக்குக் கொடுத்துவிடலாமா? எல்லோரும் வந்து பேசி, கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். கடைசி வரியில் எழுதினேன்: இளைஞர்கள் கூட வரலாம்.

2

கதையை முதலில் இப்படித்தான் தொடங்கியிருந்தேன்:

இளைஞர்களே! நாளைய உலகம் உங்கள் கையில்தான்—

[அடித்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "எங்க கையில இப்போதைக்கு போன்தான் மாமா இருக்கு. அதுவும் அடுத்தவங்க போன்."]

குரல் என் அக்கா மகளுடையது. பத்தொன்பது வயது. செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை, அதனால் வீட்டில் அவள் பெயர் ஸ்க்ரூ. [கழன்றதா என்று கேட்காதீர்கள், காதில் விழும்.] ஐந்தரைக்குக் கடை முடிந்ததும் நேரே படிப்பகம் போய்க் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றரை அறை. ஒன்றில் அக்காவின் தையல் மெஷின் கடகடக்கும். அரையில் நான். படிப்பகம் போனால் அவளுடைய தேர்வும் போச்சு.

"அஞ்சுக்கு மேல யாரும் வர்றதில்லையாமே?" என்றேன்.

"யார் சொன்னது? நாங்க இருபது பேர் வர்றோம்!"

"பதிவேட்டுல இல்லையே."

"அதுல யாரு மாமா கையெழுத்து போடுவாங்க? வந்தோமா, படிச்சோமா, போனோமான்னு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். போடாமல் விட்ட கையெழுத்து தன் நாற்காலியையே பறிக்கப் போகிறது என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. முகம் சுண்டிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது.

"கூட்டத்துக்கு வந்து சொல்லுங்களேன்."

"எங்க பசங்களா? கூட்டம்னாலே கொட்டாவி விடுவாங்க."

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று எழுத்தரைப் பிடித்தேன். அவர் மீசையை முறுக்கியபடி, "பார்க்கிறேன்டா உங்களை" என்று—

[அவருக்கு மீசையே கிடையாது. யாரையும் 'டா' போட்டுப் பேசியதும் கிடையாது. விட்டுவிட்டேன்.]

நோட்டீஸ் ஒட்டிய அன்று மாலை ஸ்க்ரூ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, 'இளைஞர்கள் கூட வரலாம்'னு எழுதின புண்ணியவான் நீங்கதானா?"

"நான்தான். ஏன், நல்லா இல்ல?"

"ஆடு மாடு கூட வரலாம்ங்கற மாதிரி இருக்கு! பசங்க கொதிச்சுப் போயிருக்காங்க. 'கூடவாமே, கூட! வந்து காட்டறோம்'னு மொத்தப் பேரும் கிளம்பறாங்க."

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் நினைத்தது 'ஒன்றுகூடி' என்ற பொருளில் வரும் 'கூட'. நடுவில் ஒரு காற்புள்ளி விழுந்திருந்தால்— சரி, பொய் எதற்கு? நான் அப்படியெல்லாம் நினைக்கவே இல்லை. மனதில் இருந்ததுதான் கையில் வந்திருக்கிறது.]

இத்தனை வருடம் வருந்தி அழைத்தும் வராதவர்கள் ஒரு ரோஷத்தில் வருகிறார்கள். இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதிவிடலாம். இளைஞர்களைப் பொதுவாழ்வுக்கு அழைக்கும்போது நாம் செய்யும் முதல் தவறு—

[கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.]

4

இதைக் கூட்டத்தில் உட்கார்ந்தே எழுதுகிறேன். ஒரு பக்கம் சட்டையில் 'கூட' என்று எழுதிய தாளைக் குத்திக்கொண்டு இளசுகள். மறுபக்கம் மூட்டுவலிக்காரர்கள். அதில் முன்வரிசையில் என் அக்கா. ஆமாம், ஸ்க்ரூவின் அம்மாவேதான். நாளெல்லாம் மெஷின் மிதித்து முழங்கால் தேய்ந்தவள்.

ஸ்க்ரூ எழுந்தாள். குரல் நடுங்கியது. "நாங்க கையெழுத்து போடலை. தப்புதான். அதனால நாங்க இல்லைன்னே ஆயிடுச்சு. இன்னிக்கு வந்திருக்கோம், எண்ணிக்குங்க."

அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"என் முட்டி வலியையும் எண்ணிக்குங்க" என்றாள் அக்கா. கூட்டமே சிரித்தது, ஸ்க்ரூவும்தான்.

முடிவு ஒன்று: தாய் மகளைக் கட்டிக்கொண்டு விட்டுக்கொடுக்கிறாள். [என் அக்காவை உங்களுக்குத் தெரியாது.] முடிவு இரண்டு: வகுப்பை வெளி முற்றத்துக்கு மாற்றுகிறார்கள். [எழுத்தர் இப்போதுதான் சொன்னார், முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்குமாம்.] முடிவு மூன்று—

கைகள் உயர்ந்தன. எழுத்தர் இரண்டு முறை எண்ணினார். "இந்தப் பக்கம் இருபத்திரண்டு. அந்தப் பக்கமும் இருபத்திரண்டு. யாராவது தூக்காம இருக்கீங்களா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புகிறது. எழுத்தாளன் என்பவன் நடுநிலையோடு, சற்று விலகி நின்று—

"டேய், வீட்டுக்கு வந்துதான் ஆகணும், ஞாபகம் இருக்கட்டும்" என்கிறாள் அக்கா.

ஸ்க்ரூ என்னையே பார்க்கிறாள். "எந்தப் பக்கம் வேணாலும் தூக்குங்க மாமா. ஆனா ஒக்காந்து எழுதிக்கிட்டு மட்டும் இருக்காதீங்க."

வாசகரே, நீங்கள் என் நாற்காலியில் இருந்தால் எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லுங்கள். என் இடக்கை நோட்டைப் பிடித்திருக்கிறது, வலக்கையில் பேனா. கையைத் தூக்க வேண்டுமென்றால் எழுதுவதை நிறுத்தித்தான் ஆகவேண்டும், அதனால் நான்