வெள்ளிக்கிழமைச் சட்டை

மூன்று நாள் இருமி அழுத ஆறு மாதக் குழந்தை இன்றுதான் சத்தமில்லாமல் கிடந்தது. ஜுலைகாவுக்கு அப்பாடா என்றிருந்தது. வெள்ளிக்கிழமை, மஸ்கட்டிலிருந்து புருஷன் இம்தியாஸ் வீடியோவில் கூப்பிடுவான். அவன் அனுப்பிய தடித்த சட்டையைக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள்.

"பால் குடிச்சானா?"

"காலையிலேருந்து வாய வெக்கல மச்சான். அசந்து கெடக்குறான்."

"மூக்கு ஏன் அப்புடி விடைக்குது? சட்டையத் தூக்கு."

"போட்டு ஒரு நிமிசம் ஆவல," என்று அலுத்துக்கொண்டே தூக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"ஒடனே ஆட்டோ புடி ஜுலைகா."

பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரம் வரை அவள் தூக்கிப் பிடித்த சட்டையைக் கீழே இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் குழந்தை பாலுக்கு வீறிட்டது. மூன்று நாள் அலுத்துக் கேட்ட அழுகைதான். சுவரில் சாய்ந்து, அது நின்றுவிடக் கூடாதென்று கேட்டுக்கொண்டிருந்தாள்.