பாலினும் மேலானது

டெல்லியில் ராஜாவுக்கு முடிசூட்டின மறுகோடை அது. பாளையங்கோட்டையில் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் சர்பத் கொட்டடியில் நாலு பெண்கள் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டினார்கள். எழுத்துத் தெரிந்தவள் சாலோமி ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதப்புத்தகத்தை வைத்து வாசிக்கப் படித்தவள். அச்சில் வந்தால் அவளுக்கு அது சத்தியம். யார் கேட்டாலும் லேபிளைப் பிரசங்கம் மாதிரி வாசித்துக் காட்டுவாள். அந்தப் பெருமைதான் வினையாய்ப் போச்சு.

"நன்னாரி சர்பத். தாகம் தணிக்கும். கைக்குழந்தைகளுக்குப் பாலினும் மேலானது."

கூட ஒட்டுகிற கோமு இதைக் கேட்டுக்கொண்டாள். பால் வற்றிப்போனவள், மூன்று மாதப் பிள்ளைக்கு எட்டு நாளாய் சர்பத்தையே கரைத்துப் புகட்டியிருக்கிறாள், பாவி! பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டது. "வெறும் சீனித்தண்ணி இது. ஆட்டுப்பாலாவது கொடு" என்று ஆஸ்பத்திரி அம்மா வைதாள்.

"நீதானக்கா வாசிச்சே?" என்றாள் கோமு. சாலோமி ஒரு லேபிளை எடுத்து அந்தக் கடைசி வரியை மறுபடி வாசித்துப் பார்த்தாள்.

மறுநாள் பசைச் சட்டியைத் தொடாமல் அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பால் வரியை எடுங்க அண்ணாச்சி. இல்லேன்னா ஒட்ட மாட்டேன்."

"ஏட்டி, போடக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? கலெக்டரே கேக்கல, நீ கேக்கியோ? ஊர்ல எல்லாவனும் போடுதான். இஷ்டமில்லேன்னா நடையைக் கட்டு."

சட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது, வாஸ்தவந்தான். வேலை போனால் அடுப்பு எரியாது, அதுவும் வாஸ்தவந்தான். ஆனாலும் அவள் அசையவில்லை. ஒரு குப்பியையும், கோமு பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உங்க மக பிரசவத்துக்கு வந்திருக்கால்லா? பேரனுக்கு ஒரு வாரம் பாலை நிறுத்திட்டு இதைப் புகட்டச் சொல்லுங்க. அப்புறம் வாயைத் திறக்காம ஒட்டுதேன்."

"ஏ மூதி! பச்சப்பிள்ளைக்குப் போயி இந்தச் சீனித்தண்ணியவா..."

அண்ணாச்சி பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒட்டிக்கொண்டிருந்த மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கத்திரிக்கோலை எடுத்து சாலோமி பக்கம் தள்ளினார்.

அச்சடித்துக் கிடந்த லேபிள்களில் கீழ்வரியை வெட்டி முடிக்க நாலு நாள் ஆயிற்று. அவள் விரலெல்லாம் கொப்புளம். கடைசிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள் கோமு.

"இப்ப என்னக்கா போட்டிருக்கு?"

"நன்னாரி சர்பத். தாகம் தணிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்ளா. அது நிசம்."

அந்நேரம் மூலைத் தூளியில் கிடந்த பிள்ளை, ஆட்டுப்பால் கேட்டு, கொட்டடி அதிர வீறிட்டது.