ராணிகளின் இடுப்பளவு

சிவப்பு நூல் காலை ராணியுடையதா, மாலை ராணியுடையதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. இரண்டு கவுன்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். அடையாளத்துக்காகக் கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் ஒன்றுக்குச் சிவப்பு நூல், மற்றதற்கு நீல நூல் முடிந்திருந்தார்கள். தினமும் அவற்றைக் கையில் வாங்கியவளும் கொடுத்தவளும் நான்தான். இருந்தும் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் நிறங்கள் இடம் மாறிவிடுகின்றன. நூலே இப்படி என்றால், அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதில் என்னை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை. அங்கே இருந்த வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேளிக்கைப் பூங்காவின் சீருடைக் கவுண்டரில் வேலை பார்த்தேன். ஜனங்கள் பார்க்கும் பூங்காவுக்குப் பின்னால் ஜனங்கள் பார்க்காத ஒரு பூங்கா உண்டு. குழல்விளக்கு எரியும் நீண்ட நடை, சலவை அறை, தையல் அறை, உடை மாற்றும் அறை, கடைசியில் என் கவுண்டர். யாரும் சீருடையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வந்ததும் என்னிடம் வாங்க வேண்டும், போகும்போது என்னிடம் கொடுக்க வேண்டும். எனக்குப் பேச்சு குறைவு. அந்த வேலைக்கு அது வசதியாக இருந்தது.

நடையின் முடிவில் ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. அதைத் தாண்டினால் வெளிச்சமும் பாட்டும் கூட்டமும். கண்ணாடி முன் நின்று சரி என்று சொல்லப்படாமல் யாரும் கதவைத் தாண்ட முடியாது. சரி சொல்பவர் தோற்றக் கண்காணிப்பாளர். தலையில் ஒரு மயிர் கிடையாது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். அதனால் அவருக்குச் 'சீப்பு' என்றே பெயர். ஆண்களின் தாடையைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். பெண்களின் கன்னத்தில் வெள்ளைக் கைக்குட்டையை ஒற்றி, பவுடர் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பார். சிரிக்கச் சொல்வார். பல் தெரிய வேண்டும், ஈறு தெரியக் கூடாது. ஈறு தெரியச் சிரிக்கும் பெண்ணை ராட்டினத்திலிருந்து தூக்கிப் பாத்திரம் கழுவப் போட்டவர் அவர். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. "கோபப்பட்டா முகம் கெட்டுப்போகுங்க" என்பார்.

வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்று அவர்களோடு படம் எடுத்துக்கொள்பவள் ராணி. காலைக்கு ஒருத்தி, மாலைக்கு ஒருத்தி. கவுன் எங்கோ தைத்துப் பெட்டியில் வரும். மார்பிலும் இடுப்பிலும் கவ்விப் பிடித்து, கீழே குடையாக விரியும். மற்ற இடங்களில் ஆளுக்கு உடை தைப்பார்கள். இங்கே உடைக்கு ஆள் தேடுவார்கள். டெய்லர் அக்கா அறுந்த கொக்கியை மாற்றலாம், பிய்ந்த சரிகையை ஒட்டலாம், தையலில் மட்டும் கை வைக்கக் கூடாது.

மாலை ராணி பழைய ஆள், வேலை நிரந்தரமானவள். காலை ராணி அவளுடைய அண்ணன் மனைவி. முந்தைய காலை ராணி போனபோது, "எங்க அண்ணிக்கும் எனக்கும் ஒரே அளவு சார். என் ஜாக்கெட்ட அவங்க போட்டா ஒரு ஊசி குத்த வேண்டாம்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவளே இவள்தான். அண்ணி தனிக்குடித்தனம். நாத்தனாரும் அவளும் சந்தித்துக்கொள்வதெல்லாம் மத்தியான ஷிப்ட் மாறும்போது என் கவுண்டரில்தான். கவுனின் கொக்கிகள் முதுகுப்புறம் இருந்ததால் தானே கழற்ற முடியாது. அண்ணிக்கு நாத்தனார் கழற்றிவிடுவாள், நாத்தனாருக்கு அண்ணி மாட்டிவிடுவாள்.

அண்ணிக்கு நாள் தள்ளிப்போனது அந்த சீசன் நடுவில். அவள் இன்னும் தற்காலிகம். சீசன் முடிவில் அளவெடுப்பார்கள். கவுனைப் போட்டுக் கொக்கி எட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அளவு, எட்டினால் நிரந்தரம். நிரந்தரமானவளுக்குப் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்தால் வேலை. தற்காலிகமானவளுக்கு வாசல் அந்தப் பக்கம். அவள் கணவன் வேலை பார்த்த கம்பெனி மூடிக்கிடந்தது. அந்த அளவெடுக்கும் நாள் வரைக்கும் அவள் கவுனுக்குள் இருந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

அவள் டெய்லர் அக்காவிடம் சொன்னபோது நான் அங்கே பொத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வீட்டுல சொல்லிட்டியா?"

"அவருக்கு மட்டும் தெரியும்க்கா."

"நாத்தனாருக்கு?"

"போன தடவை எல்லாருக்கும் சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொருத்தருக்கா, இல்லன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு."

டெய்லர் அக்கா கவுனைப் புரட்டி, பக்கவாட்டில் மடித்து விட்டிருந்த துணியை விரலால் அளந்தாள். "தாராளமா விட்டிருக்கான். யாரோ புண்ணியவான்" என்று பிளேடை எடுத்தாள். பக்கத்துக்கு அரைவிரல் அளவு தளர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு அரைவிரல்.

சிக்கல் வெயிலால் வந்தது. காலை கவுன் வெயிலில் வெளுத்தது, மாலை கவுன் வெளுக்கவில்லை. படங்களில் ராணி இரண்டு நிறமாகத் தெரிகிறாள் என்று சீப்பு கண்டுபிடித்தார். ஒரு திங்கட்கிழமை காலை என் கவுண்டருக்கு வந்து, "இனிமே வாரா வாரம் கவுன மாத்திக் குடுங்க. ரெண்டும் ஒண்ணாவே வெளுக்கட்டும்" என்றார். அப்போதே, அங்கேயே, மாலை கவுனை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தார்.

தையல் அறையில் அவள் மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாள். கொக்கி எட்டவில்லை. டெய்லர் அக்கா அவளைக் கழற்றக்கூட விடாமல், உடம்பின் மேலேயே வைத்துப் பிளேடால் தையலைக் கீறினாள். "அசையாதே. அசைஞ்சா பிள்ளைக்கு மொத ஊசி இங்கேயே போட்டுருவேன்." அண்ணி சிரிக்கப் போய், சிரித்தால் பிதுங்கும் என்று நிறுத்திக்கொண்டாள். கைத்தையலில் இறுக்கிப் போட்டு அனுப்பினாள் அக்கா. கண்ணாடி முன் சீப்பு கைக்குட்டையை ஒற்றி, "லேசா வேர்க்குதே. தொடச்சுக்கிட்டுப் போங்க" என்றார்.

அன்று மத்தியானம் மாலை ராணிக்குக் கிடைத்தது ஏற்கெனவே தளர்த்திய கவுன். போட்டுக்கொண்டு என் முன்னால் ஒரு சுற்று சுற்றினாள்.

"பாத்தீங்களா! ஒரு கையே உள்ள போகுது. நான் இளைச்சுட்டேன்."

நான் கவுண்டரைத் துடைத்தேன்.

"ராத்திரிச் சாப்பாட்ட விட்டு மூணு மாசம் ஆச்சு. வயித்தக் கட்டினா வாய் பேசாது, இடுப்பு பேசும்." அண்ணியின் பக்கம் திரும்பினாள். "நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க அண்ணி. முகம் உப்புன மாதிரி இருக்கு. அண்ணன் நல்லா ஆக்கிப் போடறாரோ?"

"ஆமா, வீட்டுலதானே இருக்காரு" என்றாள் அண்ணி.

மாலை ராணி உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். வருஷக்கணக்காகப் பட்டினி கிடந்தவள். அந்த வாரம் முழுக்க அவளைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கவுன் அவள்மேல் தொளதொளவென்று கிடந்தது. இடுப்பில் ஊக்கைக் குத்தி அனுப்பினோம். சீப்பு ஒரு நாள் அந்த ஊக்கைப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

டெய்லர் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். பட்டர் பிஸ்கட் டப்பா ஒன்று தையல் அறைக்கு வந்தது.

"வா ராணிம்மா, ரெண்டு எடுத்துக்க."

"ஐயோ, வேண்டாம்க்கா."

"இவ்ளோ இளைச்சப்புறமும் வேண்டாமா? காத்தடிச்சா பறந்துருவ. கழுத்தெலும்பு தெரியுது, சீப்பு அதுக்கும் ஏதாவது சொல்லப்போறான்."

அவள் ஒன்று எடுத்தாள். மறுநாள் இரண்டு. பிறகு அவளே டப்பாவைத் திறக்க ஆரம்பித்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவதைப் பார்த்தால், வாய்க்குள் பிஸ்கட்டோடு வேறு எதையோ சேர்த்து மெல்லுகிறாள் என்று தோன்றும். அவள் போனதும் டெய்லர் அக்கா சொல்வாள்: "தின்னட்டும். அவ நெறஞ்சா கவுனும் நெறையும்." அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல எண்ணமும் இல்லை. ஒரு உடம்பை மறைக்க இன்னொரு உடம்பு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. "பாவம்க்கா அவ" என்றாள் ஒரு தடவை.

"பாவம் பாத்தா நீ நாளைக்கே வீட்டுக்குப் போ. எது வேணும் சொல்லு."

நான் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டப்பா தீர்ந்திருந்தது. அண்ணியே ஒரு புது டப்பா வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள்.

ஊக்கு தேவைப்படாமல் போயிற்று. இரண்டு கவுன்களையும் அக்கா ஒரே அளவுக்குப் பிரித்திருந்ததால், எது வந்தாலும் மாலை ராணிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் உடம்பு என்பது கவுன் சொல்வதுதான். தராசில் ஏறி யார் பார்த்தோம்?

சீசன் முடிந்தது. அளவெடுக்கும் நாளன்று சீப்பு ஷிப்ட் மாறும் நேரத்தில் வந்தார், இந்தத் தடவை டேப்போடு. நடையில் ராட்டினக்காரர்கள், டிக்கெட் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அண்ணி அப்போதுதான் வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தாள், இன்னும் கவுனில். மாலை ராணி வெளியே போகத் தயாராக நின்றாள். அவள்தான் நிரந்தரம், பயமில்லை. "என்னைய முதல்ல அளந்துருங்க சார், எனக்கு நேரமாச்சு" என்று கைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

சீப்பு டேப்பைச் சுற்றினார். பார்த்தார். அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார்.

"எவ்வளவு கூடியிருக்குன்னு சொல்லட்டுமாங்க, வேண்டாமாங்க?"

"கூடியிருக்கா? சார், டேப்பு தப்பு. கவுன் சரியா இருக்கே. நான் இளைச்சிருக்கேன் சார், யாரை வேணா கேளுங்க."

பின்னால் ஒருவன், "ரெண்டு ராணி ஒரே கவுனுக்குள்ள இருக்காங்க சார்" என்றான். வரிசை சிரித்தது. ஈறு தெரியவே சிரித்தார்கள்.

"சரி, ஆள அளந்தது போதும். கவுன அளப்போம்" என்றார் சீப்பு. அவளை உள்பாவாடையோடும் மேலே ஒரு துண்டோடும் அங்கேயே நிற்க வைத்து, கவுனை என் கவுண்டர்மேல் விரித்துப் புரட்டினார். உட்புறம் பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவர் அந்தத் துளைகளின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார்.

"டெய்லரம்மா, நல்ல கை. யாருக்காகப் பிரிச்சீங்க?"

டெய்லர் அக்கா தரையைப் பார்த்தாள்.

மாலை ராணி துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முதலில் அந்தத் துளைகளைப் பார்த்தாள். பிறகு டெய்லர் அக்காவை. தையல் அறையின் திறந்த கதவு வழியாக மேசைமேல் டப்பா தெரிந்தது, அதையும் பார்த்தாள். கடைசியாக அண்ணியின் முகத்தைப் பார்த்து, அங்கிருந்து வயிற்றுக்கு இறங்கினாள். அவள் என்ன நினைத்தாள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் சிரித்தாள்.

"சார், எங்க அண்ணிக்கு வாழ்த்து சொல்லுங்க. எங்க வீட்டுக்கு வாரிசு வருது."

அண்ணி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியாங்க! ரொம்ப சந்தோஷம்" என்றார் சீப்பு. முகம் நிஜமாகவே மலர்ந்தது. "எல்லாரும் கை தட்டுங்க."

எல்லோரும் தட்டினார்கள். நன்றாக, நீளமாகத் தட்டினார்கள். ஓய்ந்ததும் அவர், "மெதுவா மாத்திக்கிட்டு வாங்கம்மா. இந்த நேரத்துல அவசரப்படக் கூடாது. மாத்திட்டு அடையாள அட்டைய கவுண்டர்ல குடுத்துருங்க" என்றார். டெய்லர் அக்காவிடம் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, "நீங்களும் உடை மாத்துங்க" என்றார் மாலை ராணியிடம்.

"நானா? நான்தானே சார் சொன்னேன்!"

"சொன்னதுக்கு நன்றிங்க. ஆனா அளவு அளவுதான். உங்கள வேலைய விட்டு அனுப்ப முடியாது, நிரந்தரம். கரடி வேஷத்துக்கு ஆள் இல்ல. அதுக்கு அளவும் கெடையாது, முகமும் வேணாம்."

வரிசையில் மறுபடியும் சிரிப்பு.

உடை மாற்றும் அறையில் அண்ணி முதுகைக் காட்டி நின்றாள். கொக்கிகள் அவள் கைக்கு எட்டாது. நான் கவுனை வாங்க வேண்டியவள், வாசலில் நின்றேன். நான் போய்க் கழற்றியிருக்கலாம். ஆனால் நாத்தனார் தானாகவே வந்து, எப்போதும்போல மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு."

இன்னும் இரண்டு கொக்கி.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி."

"சொல்லியிருந்தா?"

நாத்தனாரின் கை நின்றது. அவள் பதிலை உண்மையாகவே தேடினாள் என்று எனக்குப் பட்டது. கடைசிக் கொக்கியையும் கழற்றினாள். கவுன் விலகியதும் அண்ணி பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். இடுப்பைச் சுற்றிலும் தோல் கன்றிச் சிவந்து தடித்திருந்தது. நாத்தனார் அதைப் பார்த்தாள்.

"அந்தப் பிஸ்கட்டும் நீங்க வாங்கி வச்சதுதானே" என்றாள். "நல்லா இருந்துச்சு."

அண்ணி சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். அட்டையை என் கையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

டெய்லர் அக்காவைப் பூங்காவின் சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி அந்த வாரமே நிறுத்தினார்கள். அவள் வீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பாவாடைகளுக்கு இடுப்பு பிரித்துத் தைக்கிறாள். அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவாக இருந்தாலும் பிழைத்துவிட்டது. அவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அவள் கணவன் சரக்கு வண்டி ஓட்டப் போய், மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். குழந்தையைப் பார்க்கத் தங்கையை அவன் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. இரண்டு புது ராணிகள் வந்தார்கள். இருவருக்கும் இடுப்பு ஒரு பிடிதான். சீப்பு பதவி உயர்ந்து இன்னும் பெரிய பூங்காவுக்குப் போனார். அவருடைய இடத்தில் வந்தவர் இன்னும் கடுமையானவர். நான் அதே கவுண்டரில் இருக்கிறேன். மாலை ராணி கரடிக்குள் இருக்கிறாள். ஷிப்ட் முடிந்து தலையைக் கழற்றும்போது முகமெல்லாம் வேர்க்குரு. நன்றாகச் சாப்பிடுகிறாள்.