வண்டி எண்ணும் வாரம்

அந்த டிராக்டர் மூன்றாவது முறையாக வந்தது. மணி ஏழே முக்கால்கூட ஆகவில்லை. முதல் முறை டிரெய்லரில் ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. இப்போதும் அதே வெறும் டிரெய்லர், அதே கிழிந்த சீட், ஓட்டுகிறவர் தலையில் அதே பச்சைத் துண்டு. சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் அடித்திருந்த வெள்ளைப் பட்டையைத் தாண்டும்போது அவர் வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் மடியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, எழுதிக்கொண்டாயா என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவள் எழுதிக்கொண்டாள். பட்டையைத் தாண்டும் வண்டி எதுவானாலும் ஒரு கோடு. நான்கு கோடுகள் நின்றால் ஐந்தாவது குறுக்கே. எதற்காக வந்தது, எத்தனையாவது முறை வந்தது என்று எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

பதினோரு வருடமாக அவள் இந்த நெடுஞ்சாலையில் வண்டி எண்ணுகிறாள். எண்ணும் வேலையை ஒரு கம்பெனி ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்தது. ஓர் ஊருக்கு ஏழு நாள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவள், அதற்குப் பிறகு வேறு இரண்டு பேர் மாறி மாறி. சாலை துறைமுகத்தில் தொடங்கி மலையடிவாரத்தில் முடிகிறது. நடுவில் பதினான்கு சின்ன ஊர்கள். ஊர்களை அவள் உட்கார்ந்த இடத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் ஊர், மில் சங்கு ஊதும் ஊர், கழிப்பறைக்கு அரை மைல் நடக்க வேண்டிய ஊர், நாய் வந்து காலடியில் படுத்துக்கொள்ளும் ஊர். வெளியே நிமிர்ந்து வரும் சாலை இந்த ஊர்களுக்குள் நுழைந்ததும் ஒடுங்கிவிடும். கடை வாசல்களை உரசிக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவன்போல வளைந்து வளைந்து போகும்.

இந்த வாரம் முறை அக்காவின் ஊருக்கு. சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரில் உட்காரக் கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவள் சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஊரில் அறை தேடி, பூட்டுச் சரியாக விழுகிறதா என்று மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கும் வாரங்களில் ஒன்றாவது குறையட்டும் என்று நினைத்தாள். சாலையோரம் அக்காவின் சாப்பாட்டுக் கடை. அதையொட்டி அத்தானின் பஞ்சர் கடை. பின்னால் இரண்டு அறை வீடு. கடையிலிருந்து பார்த்தால் அவள் நாற்காலி தெரியும். பார்த்துக் கையாட்டாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். அத்தான் கையாட்டுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு மணிக்கு ஒரு தரம் டீ அனுப்பினார்.

நான்காம் நாளான அன்று பத்து மணிக்குள் டிராக்டர்கள் நான்காகிவிட்டன. சிமெண்ட் கடை வேன் எட்டு முறை வந்தது. ஐஸ் கம்பெனி வண்டி ஐஸ் இல்லாமல் வந்தது. ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பாவும் மகளுமாக ஐந்து முறை போனார்கள். ஆறாவது முறை மகள் மட்டும் ஓட்டிக்கொண்டு போனாள். பத்தரை மணிக்கு அத்தானே டீயோடு வந்தார். ஊரில் அவருக்குக் 'காத்து' என்று பெயர். டயருக்கு அடிப்பதாலா, வாய் ஓயாததாலா என்று கேட்டால் அவரே இரண்டும்தான் என்பார்.

"ஆபீசரம்மா, விரல் வலிக்குதா?" என்றார். "இன்னும் ரெண்டு டிராக்டர் சொல்லி வச்சிருக்கேன். இப்பவே நல்லா நெட்டி முறிச்சுக்க."

ஏற்பாடு அவருடையதுதான். கடைக்காரர்கள் கூட்டத்தில் அவர்தான் எழுந்து பேசியிருக்கிறார். வண்டி எண்ணுகிறார்கள் என்றால் சாலையைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று அர்த்தம், எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஊருக்கு ஒதுக்கிவிடுவார்கள், அழுத பிள்ளைக்குத்தான் பால், அதனால் இந்த வாரம் ஊரில் சக்கரம் உள்ள எதுவும் வீட்டில் நிற்கக் கூடாது. எல்லோரும் கை தட்டினார்களாம். முடி வெட்டுகிறவர்கூட, வேலை இல்லாத நேரத்தில் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு பாலம்வரை போய்த் திரும்புவதாக ஒப்புக்கொண்டாராம். "அந்தக் கார் போய்த் திரும்புறதே பெரிய விஷயம். ரெண்டா எண்ணிக்க" என்றார் அத்தான்.

அவள் சாலையைப் பார்த்தபடியே டீயைக் குடித்தாள். ஒரு பேருந்து, இரண்டு லாரி. கோடு போட்டாள். நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம் என்பது கணக்கு. ஏழு நாள் சராசரி அதற்குக் கீழே இருந்தால் ஊருக்குள்ளேயே சாலையை அகலமாக்குவார்கள். மேலே போனால், இந்த ஊர் இதைத் தாங்காது என்று முடிவு செய்து, சாலையை வயல்கள் வழியாக ஊருக்கு வெளியே திருப்பிவிடுவார்கள். அதிலும் எல்லா வண்டியும் ஒன்றல்ல. கார் ஒன்று என்றால் மோட்டார் சைக்கிள் அரை, லாரி மூன்று, டிரெய்லர் கட்டிய டிராக்டர் நாலரை. அத்தான் தேடித் தேடி டிராக்டர்களைத்தான் பிடித்திருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவரை அவள் பார்த்திருக்கிறாள். ஊரையே கூட்டிவைத்து, சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்பவரை இப்போதுதான் பார்க்கிறாள். சொல்லலாம். சொன்னால் கூட்டத்தில் எழுந்து யார் சொன்னது என்பதையும் சொல்லிவிடுவார். அவருக்கு ரகசியம் என்பது பஞ்சரான டியூப் மாதிரி. அதோடு அவளுடைய வேலை போகும்.

இப்படித் திருப்பிவிட்ட ஓர் ஊர் அவளுக்குத் தெரியும். மில் சங்கு ஊதும் ஊர். நான்கு வருடம் முன்பு அங்கே எண்ணினாள். போன வருடம் பேருந்து பழுதானதால் அந்த ஊரில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. சாலை நடுவில் நாய்கள் காலை நீட்டிப் படுத்திருந்தன. ஹோட்டல் பலகையில் வரைந்திருந்த அம்புக்குறி சாத்திய கதவைக் காட்டியது. தையல்காரர் ஒருவர் மட்டும் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இப்போது நிம்மதியாக இருக்கிறது என்றார். சற்று நேரம் கழித்து, அவள் கேட்காமலே, நிம்மதியை வைத்துச் சட்டை தைக்க முடியாது என்றார்.

மூன்று மணிக்கு அக்கா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றை எடுத்துத் தேய்த்தாள்.

"அத்தானை நிறுத்தச் சொல்லுக்கா."

அக்கா வலது காதைத் திருப்பினாள். சாலைப் பக்கம் நின்று சமைத்துச் சமைத்து, ஏர் ஹாரனில் இடது காது எப்போதோ மந்தமாகிவிட்டது. அவள் கணக்கைச் சொன்னாள். பதினைந்தாயிரம், கீழே, மேலே. அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. குண்டானைக் கழுவி, கவிழ்த்து, அடுத்ததை எடுத்தாள்.

"எவ்வளவு தூரம் வெளிய போகும்?"

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"அங்கேருந்து இங்க சத்தம் கேக்குமா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட சொல்லாத" என்றாள் அக்கா.

"கடை என்னக்கா ஆகும்?"

"என்ன ஆகும், ஆள் குறையும். இருபத்திரெண்டு வருஷமா நாலு மணிக்கு எழுந்திருக்கேன்டி. ஒரு காது போச்சு, போகட்டும், நல்ல காதைத் தலையணையில வச்சுப் படுத்தாத் தூங்கிடலாம்னு பாத்தேன். காது கேக்கலன்னா கட்டில் சொல்லுது, லாரி போகுதுன்னு."

"அத்தான்?"

"அவருக்குக் காத்தடிக்க ஒரு சைக்கிள் போதும், பேச ஓர் ஆள் போதும்." அக்கா தண்ணீரை வாரி ஊற்றினாள். சாம்பல் நிறத்தில் அது காலடியில் ஓடியது. "போதாது. தெரியும். நீ ஒண்ணும் சொல்லாத."

மறுநாள் அவள் எப்போதும்போல எண்ணினாள். கோடு போடுவது மட்டும்தான் என் வேலை என்ற ஒரு வாக்கியத்தில் பதினோரு வருடம் அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். இப்போது பென்சில் கனத்தது. வெறும் டிரெய்லர் வரும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டால் போதும், ஒரு நாலரை குறையும். அத்தானின் கடைக்கு ஒரு நாலரை. ஆனால் அது அக்காவின் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். ஒன்றைக் குனிந்து விட்டுவிட்டாள். அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்தது வந்தபோது, விட்டதற்கும் சேர்த்து இரண்டு போட்டாள். இதுவரை தாளில் பொய் எழுதியதில்லை என்பதும், எழுதியும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அவளைச் சோர்வடையச் செய்தன.

ஆறாம் நாள் வெயில் கடுமையாக இருந்தது. அத்தான் எங்கிருந்தோ ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்து, லாரி டயருக்கு நடுவில் நட்டு, அவள் தலைக்கு மேல் விரித்தார். கம்பி ஆடாமல் இருக்கக் கல் வைத்து அண்டை கொடுத்தார். அப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அத்தான் என்று கூப்பிட்டும்விட்டாள்.

அவர் கல்லைத் தட்டிக்கொண்டே பேசினார். "ரோடு பெருசானா முன்பக்கத்தை எப்படியும் இடிப்பாங்க. இடிச்சதும் பின்னாடி தள்ளி உங்கக்காவுக்கு ஒரு ரூம் கட்டணும். ரெண்டு கண்ணாடி வச்ச ஜன்னல் இருக்காமே, சத்தமே வராதாம். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவ ஒரு நாள் முழுசாத் தூங்கிப் பாத்ததில்ல நான்." நிமிர்ந்தார். "என்னமோ சொல்ல வந்தியே?"

இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. கோடு போட்டாள். குடை நல்லா இருக்கு அத்தான் என்றாள்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் போனில் ஆறு நாள் சராசரியைச் சொன்னார். பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. நாளைக்கு ஒரு நாள்தான், பார்த்து எழுது, இழுபறியாக இருக்கிறது என்றார். அவள் எண்ணை அக்காவிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள். கடைசிக் கட்டம் மட்டும் ஒரு கோடுகூட இல்லாமல் காலியாக இருந்தது. இது என்ன என்று விரலை வைத்துக் கேட்டாள். கைவண்டி, ஒண்ணு வந்தா மூணு, மெதுவாப் போய்ப் பின்னால வர்ற எல்லாத்தையும் நிறுத்திடும்ல என்றாள் அவள்.

ஏழாம் நாள் காலை பதினோரு மணிக்கு, சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கும் நேரத்தில், அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீர்க் குடம் ஏற்றும் கைவண்டியைச் சாலைக்கு இறக்கினாள். குடம் ஏதும் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலப்பக்கம் பார்க்காமல் இடப்பக்கம் பார்க்காமல் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியைத் தாண்டும்போதும் தங்கையைப் பார்க்கவில்லை. வெள்ளைப் பட்டையைத் தாண்டினாள். கொஞ்ச தூரம் போய்த் திருப்பினாள். மறுபடி தாண்டினாள். ஒரு கல் லாரி அவளுக்குப் பின்னால் கிறீச்சிட்டு நின்றது.

பஞ்சர் கடையிலிருந்து அத்தான் பார்த்துவிட்டார். முதலில் வாயைப் பிளந்தபடி நின்றார். பிறகு கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முகமெல்லாம் பல். இத்தனை நாள் என் கூத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாதவள், கடைசி நாளில் வண்டியோடு இறங்கியிருக்கிறாள் பார் என்று கடை கடையாகச் சொல்லிக்கொண்டே சாலை நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்தார். இந்தப் பக்கம் கல் லாரி, அதன் பின்னால் பேருந்து. அந்தப் பக்கம் பச்சைத் துண்டுக்காரரின் டிராக்டர், சிமெண்ட் வேன், முடி வெட்டுகிறவரின் கார். எல்லாம் ஹாரன் அடித்தன.

"ஆஃப் பண்ணுங்கப்பா எல்லாரும்" என்றார் அத்தான். "வீட்டம்மா தள்ளுறாங்க. பொறுமையாத் தள்ளட்டும்."

அவரிடம் காற்றடிக்காதவர்கள் அந்தச் சாலையில் குறைவு. லாரிக்காரர் சாவியைத் திருப்பினார். பேருந்து அணைந்தது. ஒவ்வொன்றாக வளைவுவரை எஞ்சின்கள் அடங்கின.

நாற்காலியில் இருந்தவள் கைவண்டிக் கட்டத்தில் இரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கைவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் கிறுக் கிறுக் என்று சுற்றும் சத்தம் சாலை முழுக்கக் கேட்டது. பட்டைக்கு இரண்டடி முன்னால் அதுவும் நின்றது. விரித்த கைகளை இறக்காமல் அத்தான் மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா வண்டிக் கட்டையைப் பிடித்தபடி, தள்ளாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.