கனகமணியின் சங்கு

...ஐந்தேகால் ஆகிவிட்டது, விக்கிரவாண்டி டோல்கேட்டையே பஸ் இன்னும் தாண்டவில்லை, பொழுது சாய்வதற்குள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால் அம்மா இந்தக் கஞ்சியைத் தொடமாட்டாள், இருட்டிய பிறகு ஒரு வாய் சோறு இறங்காத சமண வீட்டுப் பிடிவாதம், எழுபத்தொன்பது வயதிலும் அசையாது, காலையில் ஆபரேஷன் வேறு... ஜம்புகுமார் தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டார், இன்னொரு கையில் செல்போன், அதில் அவருடைய மாணவி துர்காவின் ஆராய்ச்சிக் கட்டுரை, வெளியிடலாமா வேண்டாமா என்று பத்திரிகைக்காரர்கள் அவரிடமே கருத்துக் கேட்டிருக்கிறார்கள், இன்றுதான் கடைசி நாள், என் கழுத்தை அறுக்கிற கத்தியை என்னையே தீட்டித் தரச் சொல்கிறார்கள், வெளியிடலாம் என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், அம்மாவின் பெயர் போய்விடும்.

வானூர்ப் பக்கம் கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணில், ஆறு கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் சங்குகளைப் பொறுக்கியே இருபத்தெட்டு வருஷம் ஓடிப்போயிற்று, அதில் உருப்படியாகக் கண்டது ஒன்றே ஒன்று, சுண்டுவிரல் நகமளவு, மேலே வரியே இல்லாமல் வழவழவென்று, உலகத்தில் யாரும் பார்க்காத இனம் என்று எழுதி அதற்கு அம்மா பெயரையே வைத்தார், கனகமணி... "எனக்கு சங்கு ஊதறதுக்கு முன்னாடியே எம்பேர்ல சங்கு வெச்சிட்டான் எம்புள்ள" என்று செஞ்சியில் ஒரு கல்யாண வீடு விடாமல் சொல்லிச் சிரிப்பாள். இப்போது துர்கா சொல்கிறாள், அது புது இனமே இல்லையாம், அதே மண்ணில் கிடைக்கிற, எவரோ என்றைக்கோ பெயர் வைத்துவிட்ட வரிச்சங்கின் குஞ்சாம், வளர வளரத்தான் வரி விழுமாம். அதன் உறவுச் சங்குகளைக் கடலிலிருந்து உயிரோடு எடுத்து, குஞ்சிலிருந்து கிழம்வரை வேகவைத்து, சதையெடுத்து, வரிசையாகப் படம் போட்டிருக்கிறாள். மறுப்பதற்கு ஒரு ஓட்டை கிடையாது, படுபாவி, அவரே சொல்லிக்கொடுத்த சுத்தம்.

வேகவைப்பது அவரால் ஆகாத காரியம், பட்டணத்துக்குப் படிக்கப் போகும்போதே அம்மா கையடித்து வாங்கிய சத்தியம், "செத்தத எவ்ளோ வேணா தொடு குமாரு, ஒண்ணையும் சாவடிக்காத." ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க மரக்காணம் கரையில் ஒதுங்கிய வெற்று ஓடுகள்தான், துர்காவின் அம்மா பவுனு மீன் விற்றுவிட்டு வரும்போது பொறுக்கிக் கொடுத்தவை, எல்லாம் பெரிசு, குஞ்சின் ஓடு அலையில் நொறுங்கி மணலோடு மணலாகிவிடும், இது ஏன் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை? "எங்க குப்பத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும் சார், குட்டியில வழவழன்னுதான் இருக்கும், கோச்சிக்காதீங்க சார்" என்று துர்கா அழுதுகொண்டேதான் சொன்னாள், இது அச்சானால்தான் அவளுக்கு வேலை... சான்று போதாது என்று எழுதிவிட்டால்? யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு வருஷம் இழுக்கும், அதற்குள் அம்மா... சீ, என்ன நினைப்பு இது.

"முண்டியம்பாக்கம் எறங்குறவங்க ஜல்தியா வாங்க!" கண்டக்டர் கத்தினார், ஓட்டமும் நடையுமாக வார்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது, அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நாலு வாய் கஞ்சி குடித்ததும் கேட்டாள், "என் சங்கு பத்திரமா இருக்குதாடா?" இருக்கிறது என்றார். "ஒண்ணையும் சாவடிக்கலியே நீ?"

"இல்லம்மா."

இல்லைதான், அது ஒன்றாவது மிச்சம், எல்லாம் மண்ணாய்ப் போனாலும் சத்தியம் நின்றது... நின்றதா? புது இனம் என்று எழுதி அனுப்புவதற்கு முந்தின வாரம் பவுனு ஒரு குடத்தோடு வந்தாளே, நிறைய உப்புத்தண்ணி, "உசுரோட இருக்குது சாரு, பெருசு சிறுசு எல்லாம் போட்டுக்கினு வந்தேன், பாத்துட்டுக் கடல்லயே வுட்டுர்லாம், ஒரு பாவமும் வராது" என்றாள், வேண்டாம்மா, வீட்டில் சத்தியம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதைப் பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். பார்ப்பதற்குமா சத்தியம் செய்தார்? அம்மா அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள், ஸ்பூன் கையிலேயே நின்றது, முகத்தைத் திருப்புவதற்கு முன்னால், குடத்தின் உள்விளிம்பில், சுண்டுவிரல் நகமளவில் ஒன்று வழவழவென்று ஊர்ந்துகொண்டிருந்ததே, அது அன்றைக்கு அவர் கண்ணில் பட்டதா, இல்லையா...