பன்னிரண்டாவது வீடு

ஆரோக்கியசெல்விக்கு மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மாற்றலாகி வந்த ஆறே மாதத்தில் தன் பகுதித் தெருக்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டன. எந்த வீட்டு நாய் கட்டிப்போட்டிருந்தாலும் பாயும், எந்த வீட்டில் கேட்காமலே மோர் கொடுப்பார்கள் என்றெல்லாம் சொல்லுவாள். அந்தத் தெருக்களில் குடியிருக்க மட்டும் ஒரு வீடு அமையவில்லை.

தினமும் விடிகாலையில் ரயிலேறி வந்து, இருட்டிய பிறகுதான் திண்டிவனம் திரும்புவாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கலைப்பிரியா அம்மாவைத் தூக்கக் கலக்கத்தில் பார்ப்பதோடு சரி. கணவன் அலெக்ஸ் திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். விழுப்புரத்தில் வீடு கிடைத்தால் தான் பைக்கில் போய் வருவதாகச் சொன்னான். அதனால் வாடகைக்கு என்று அட்டை தொங்கிய கதவுகளையெல்லாம் அவள் தட்டினாள்.

எங்கும் ஒரே மாதிரிதான் நடந்தது. அரசாங்க வேலை என்றதும் முகம் மலரும். பெயரைக் கேட்டதும் கொஞ்சம் யோசிப்பார்கள். சொந்த ஊர் கிளியனூர் பக்கம் என்றால் அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "ஊருக்குள்ளயா, காலனியா?" காலனி என்று உண்மையைச் சொல்வாள். வீட்டை மகனுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வரும். இப்படியே பதினோரு வீடு போயிற்று.

பன்னிரண்டாவது வீட்டைக் காட்டிக்கொடுத்தது மீட்டர். தையல்நாயகி வீட்டு மாடி மீட்டர், ஜூனில் காட்டிய எண்ணையே ஆகஸ்டிலும் காட்டியது. மாடி காலி என்று தெரிந்தது. தையல்நாயகிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவள் கணவர் சீனுவாசன் பனமலையில் இருந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ள தினமும் பைக்கில் போய் வந்தார். ரீடிங் எடுக்கிற பொண்ணா, தாராளமா வா என்றாள் தையல்நாயகி. பெயர் கேட்டாள். செல்வி என்றாள் இவள். ஊர் திண்டிவனம் என்றாள். நம்ம சாமி கும்பிடறவங்கதானே என்று அந்தம்மா பேச்சுவாக்கில் கேட்டபோது தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டல் அன்றிரவு அவளைத் தூங்கவிடவில்லை.

குடிவந்த பிறகு சிலுவை பீரோவில் புடவைகளுக்கு அடியில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிளைக் காய்கறிப் பையில் வைத்து எடுத்துப் போனார்கள். சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லும்படி கலைப்பிரியாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மற்றபடி வாழ்க்கை நன்றாகவே போனது. தையல்நாயகி குழந்தைக்குத் தலை பின்னிவிடுவாள். கேப்பை அடை சுட்டால் அதில் இரண்டு மாடிக்கு வரும்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து தெருவில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடி கைப்பிடிச் சுவரில் சிவப்புக் காகித நட்சத்திரம் ஒன்று தொங்கியது. பள்ளியில் செய்ததை மகளே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டியிருந்தாள். அடுத்த வீட்டுக் கவிதா யாருடையது என்று கேட்டாளாம். எங்களுடையது, நாங்கள் கிறிஸ்டியன் என்று சொல்லிவிட்டாளாம். அவிழ்க்கட்டுமா என்று மகள் கேட்டாள். ஆரோக்கியசெல்விக்கு அழுகை வந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

மூன்று நாள் தையல்நாயகி மாடிப் பக்கம் பார்க்கவில்லை. தண்ணீர் மோட்டாரை மட்டும் நேரத்துக்குப் போட்டாள். அலெக்ஸ் மறுபடி வீடு தேட வேண்டியதுதான் என்று அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து வைத்தான். நான்காம் நாள் காலையில் தையல்நாயகி படியேறி வந்து, உட்காராமல் நின்றாள்.

"நாலு மாசமா ஒரே வீட்ல இருந்துக்கினு எங்கிட்ட பொய் சொல்லியிருக்கியே, செல்வி."

"உண்மைய சொல்லிக்கினு பதினோரு வீடு பார்த்தேங்கக்கா."

தையல்நாயகி எந்தெந்த வீடு என்று கேட்டாள். ஆரோக்கியசெல்வி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பச்சைக் கேட்டு போட்ட வீடு என்றதும் அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அது அவளுடைய தம்பி மணிமாறனின் வீடு.

"நீ மொதல்லயே சொல்லியிருந்தா நானும் குடுத்திருக்க மாட்டேன்" என்றாள் பிறகு.

"தெரியுங்கக்கா. அதான் சொல்லல."

தையல்நாயகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காலி பண்ணச் சொல்லி நான் வரல. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, நான்தான் வாணாம்னுட்டேன். பாப்பா மூணு நாளா தலைய அவுத்துப் போட்டுக்கினு பள்ளிக்கூடம் போவுது. கீழ அனுப்பு." பெட்டிகளைப் பார்த்து, இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

கிறிஸ்துமஸ் அன்று அலெக்ஸ் கேக்கும் பழமும் கொண்டுபோய்க் கொடுத்தான். தையல்நாயகி அவன் முன்னாலேயே கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். சீனுவாசன் வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டார். பொங்கல் முடிந்த வாரம் அவரே வேகவைத்த மல்லாட்டைக் கடலையை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். கலைப்பிரியாவோடு அதை உரித்துத் தின்றபடி அவளுடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

ஜனவரி கடைசியில் ஆரோக்கியசெல்வியின் அலுவலகத்துக்கு மலர்விழி என்றொரு பெண் வேலைக்கு வந்தாள். அவளும் காலனிதான், அவளுக்கும் வீடு அமையவில்லை. இதைக் கேள்விப்பட்ட தையல்நாயகி, தம்பி வீட்டில் கீழ் போர்ஷன் காலியாக இருக்கிறது என்று சொல்லி இருவரையும் அழைத்துப் போனாள். மணிமாறன் மலர்விழியிடம் வேலையை விசாரித்தான், பெயரை விசாரித்தான், பிறகு ஊரைக் கேட்டான். அடுத்த கேள்விக்கு அவன் வாயெடுக்கும் முன்பே அக்கா குறுக்கிட்டாள்.

"வாடகை எவ்ளோ, தண்ணி எப்ப வரும். அத மட்டும் சொல்லுடா."

அவன் முகம் சுருங்கியது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். ஆரோக்கியசெல்விக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு நாள் தகவல் இல்லை. மூன்றாம் நாள் காலை மணிமாறன் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சாவியை நீட்டினான். தொட்டி மூடி உடைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பைபிளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆரோக்கியசெல்வி நேராக அங்கே போனாள். மலர்விழியின் சாமான்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. தையல்நாயகி முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படியைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். சீனுவாசன் காஸ் சிலிண்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று மலர்விழியைக் கேட்டார்.